பெரிய தெரு வழியாக ஒரு நடை

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய ஊரில் முதியோர் வார்டு நர்ஸாக இருக்கிறேன். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் சனங்கள் நடக்கிறார்கள். வேலைக்கு இல்லை, சர்ச்சுக்கு இல்லை, கடைக்கும் இல்லை. பூட்ஸ் போட்டுக்கொண்டு, பையில் சாண்ட்விச் வைத்துக்கொண்டு, ஒரு பழைய பிரபு வீட்டிலிருந்து இன்னொரு பழைய பிரபு வீட்டுக்கு வயல் வழியாக நடந்து, வேறு வழியில் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்கிறார்கள். முதல் தடவை என்னைக் கூட்டிப் போனவள் என்னோடு வேலை பார்க்கும் மார்கரெட். வயல் நடுவே ஒரு மரக்கதவு வந்தது. அந்தப் பக்கம் யாருடைய ஆடுகளோ மேய்ந்துகொண்டிருந்தன. அவள் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டாள். எனக்குக் கால் வரவில்லை.

"யாரைக் கேட்டுக்கொண்டு போகிறோம்?" என்றேன்.

"யாரையும் கேட்க வேண்டாம். நிலம் அவருடையது, வழி எல்லோருடையது" என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது கோபமாக உள்ளே இறங்கியது. ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் எங்கள் ஊரைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலத்துக்குத் தெற்கே, பஸ் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர் நடுவே கிழக்கு மேற்காகப் பெரிய தெரு. மிராசுதார் வீடுகளும் கோயிலும் இருக்கும் தெரு. அதன் மேற்கு முனைக்கு அப்பால், வாய்க்காலைத் தாண்டி எங்கள் தெரு. ஊரில் அதைக் காலனி என்பார்கள். பெரிய தெருவின் கிழக்கு முனையைத் தாண்டினால் எங்கள் கல்லறைத் தோட்டம். எங்கள் சாதிக்காரர்கள் பெரிய தெருவில் நடக்கக் கூடாது என்று இப்போது யாரும் சொல்வதில்லை. சொன்னால் கேஸ் ஆகும் என்று தெரியும். கேட்பார்கள், அவ்வளவுதான். "என்ன வேலையா வந்தே?" வேலை இருந்தால் சரி. மாட்டுக்கொட்டகை கழுவ, தேங்காய் உரிக்க, நடவுக்கு ஆள் வருகிறது என்று தகவல் சொல்ல. எங்கள் பிணங்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை என்பதால் அவை மட்டும் வாய்க்கால் கரையோடு சுற்றிப் போகும்.

போன ஐப்பசியில் அம்மா இறந்தாள். என் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போயிருந்தது. வார்டு ஓய்வறையில் உட்கார்ந்து அடக்கத்தைப் போனில் பார்த்தேன். ஊரில் அடைமழை. வாய்க்கால் கரை உடைந்து கிடந்தது. எஸ்தர் அக்கா பெரிய தெரு முனையில் போய் நின்று, இந்த ஒரு தடவை மட்டும் என்று கேட்டாள். வழக்கம் இல்லை என்றார்கள். சவப்பெட்டியைச் சம்பாப் பயிருக்குள் இறக்கித் தொடையளவு தண்ணீரில் தூக்கிப் போனார்கள். ஒரு இடத்தில் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. போனைப் பிடித்திருந்த அக்கா மகன் "பாக்காதீங்க சித்தி" என்று கேமராவை வானத்துக்குத் திருப்பினான். மழை விழுகிற வானத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தை மாதம் லீவு கிடைத்தது. தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் டூவீலர்களுக்கு நடுவே பெட்டியை இழுத்துக்கொண்டு திருவையாற்று பஸ் பிடித்தேன். அது சுற்றுவழிதான். ஆனாலும் அங்கே இறங்கி அசோகா அல்வா வாங்காமல் ஊருக்குப் போனதில்லை. வாழையிலையில் வைத்துத் தந்ததைப் பஸ்ஸிலேயே பாதி தின்று தீர்த்தேன். நெய் மணிக்கட்டு வரை வழிந்தது. ஓட்ஸ் கஞ்சி குடித்துச் செத்துப்போயிருந்த நாக்கு. பக்கத்து சீட்டுக்காரர் சன்னலோரமாக எட்டிக் காவிரியைப் பார்த்துவிட்டு, "தண்ணி இருக்கு" என்றார். என்னிடம் இல்லை, பொதுவாக.

அக்காவிடம் நடக்கிற யோசனையைச் சொன்னபோது அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா என்னைவிட மூத்தவள், கணவன் இல்லை, மகன் திருப்பூரில். நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை என்று இந்த வயல்களை விட்டு அவள் எங்கேயும் போனதில்லை.

"நடக்கிறதுக்கா பிளேன் ஏறி வந்தே?" என்றாள்.

நான் வழியைச் சொன்னேன். நம்ம தெருவிலிருந்து மேற்கே கிளம்ப வேண்டும். முதலில் பூட்டிக் கிடக்கிற ஒரு மிராசுதார் வீடு. பிறகு ராஜா காலத்துச் சத்திரம். இரவு மிஷன் பங்களாவில் தங்கல். மறுநாள் கிழக்குப் பக்கமாக வளைந்து வந்தால் நம்ம ஊர்ப் பெரிய வீடு. பெரிய வீடு பெரிய தெருவில் இருக்கிறது. அங்கிருந்து தெரு நெடுக நடந்தால்தான் நம் வீடு. அப்போதுதான் வட்டம் முடியும்.

அக்கா முறத்திலிருந்த கல்லைப் பொறுக்கி எறிந்தாள். பிறகு, "வெயிலுக்கு முன்ன கிளம்பிடணும்" என்றாள்.

முதல் நாள் பனி கொட்டியது. நான் பூட்ஸ், முதுகுப் பை, தொப்பி சகிதம். அக்கா ரப்பர் செருப்பு, கையில் மஞ்சள் பை. டீக்கடையில் சூடாகப் பருப்பு வடை தின்றுவிட்டு நடந்தோம். அறுவடை பாதி முடிந்திருந்தது. தார்ச்சாலையில் ஒரு பக்கம் முழுக்க நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். அறுத்த வயல்களில் தாளுக்கு நடுவே உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் நடக்கிறவர்களை யாரும் நடக்க விடுவதில்லை. பால் கேன் வைத்த பைக்காரர் நிறுத்தினார். "ஏறுங்க, ஒவ்வொருத்தரா கொண்டு விட்டுர்றேன்." வைக்கோல் ஏற்றிய டிராக்டர் நின்றது. கை காட்டாமலே மினி பஸ் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"வேளாங்கண்ணிக்கு நடக்கிறீங்களா? அது அந்தப் பக்கம்ல. ரூட்டு மாறி வந்துட்டீங்க."

"தெரியும். சுத்திப் போறதா வேண்டுதல்" என்றாள் அக்கா சட்டென்று.

பஸ் போனதும் கேட்டேன். "ஏங்க்கா பொய் சொல்றே? சும்மா நடக்கிறோம்னு சொல்ல வேண்டியதுதானே."

"சும்மான்னா யாருடி நம்புவா? சும்மா நடக்கிறவளை ஒண்ணு பைத்தியம்பான், இல்ல திருடிம்பான்."

முதல் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் கலியமூர்த்தி. வாரிசுகள் சென்னையிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். சாவி இவரிடம். அந்த வீட்டு நிலத்தில் அக்கா பல வருடம் நட்டிருக்கிறாள் என்பதால் இவருக்கு அவளைத் தெரியும்.

"என்ன எஸ்தரு, இந்தப் பக்கம்?"

"தங்கச்சி வீட்டைப் பாக்கணும்கறா."

"உள்ள வௌவாதான் இருக்கு. சரி, கொல்லைப்பக்கமா வாங்க. முன்கதவு பூட்டு துருப்பிடிச்சுக் கிடக்கு."

"எண்ணெய் விட்டுத் தொறங்க. நாங்க நிக்கிறோம்" என்றாள் அக்கா.

அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு என் பூட்ஸைப் பார்த்தார். என்ன கணக்குப் போட்டாரோ, தேங்காய் எண்ணெய் எடுத்து வந்தார். பூட்டு கொஞ்ச நேரம் அடம் பிடித்துத் திறந்தது. முன்வாசல் வழியாகப் போனோம்.

முற்றத்தில் பூவரசங்கன்று ஒன்று முளைத்திருந்தது. கருங்காலித் தூண்களில் எச்சம் வழிந்து வெள்ளைக் கோடுகள். இங்கிலாந்தில் இப்படிப்பட்ட வீடுகளில் நாற்காலிக்கு முன்னால் கயிறு கட்டி வைத்திருப்பார்கள், யாரும் உட்காரக் கூடாதென்று. இங்கே கயிறே தேவைப்பட்டதில்லை.

அக்கா எதையும் பார்க்காமல் நேரே பத்தாயத்தின் முன்னால் போய் நின்றாள். நெல் கொட்டி வைக்கிற மர அறை அது. ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. அவள் சுற்றி வந்து பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"என்னக்கா?"

"வருசா வருசம் களத்துலேருந்து தூக்கிட்டு வந்து கொல்லைக் கதவுகிட்ட இறக்கிட்டுப் போயிடுவோம். உள்ள கடல் மாதிரி ஒண்ணு இருக்கும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்." பலகையைத் தட்டினாள். காலிச் சத்தம் வந்தது. "சின்னதாத்தான் இருக்கு."

வெளியே வந்து மரத்தடியில் மிச்ச அசோகாவைத் தின்றோம். கலியமூர்த்திக்கும் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். கையில் வைத்துக்கொண்டு, "அப்புறம் சாப்பிடுறேன்" என்றார். சாப்பிட்டாரா, தெரியாது.

அடுத்து என் பூட்ஸுக்கு வந்தது கேடு. குறுக்கு வழி என்று நான்தான் ஒரு வரப்பைக் காட்டினேன். இரவு யாரோ தண்ணீர் திருப்பி விட்டிருக்கிறார்கள். வரப்பு கரைந்து என் வலது கால் முழங்கால் வரை சேற்றுக்குள் போனது. காலை இழுத்தேன். கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கி, கைவிட்டுத் தோண்டி, கன்றுக்குட்டி பிறப்பதைப் போல அதை வெளியே எடுத்தாள். "எவ்வளவு கனம். இதைப் போட்டுக்கிட்டுத்தான் அங்க நடக்கிறீங்களா?" என்று கேட்டு, வாய்க்காலில் அலசிக் கொடுத்தாள். சத்திரம் வரை நான் வெறுங்காலோடு போனேன்.

சத்திரத்தின் பாதிக் கூரை இல்லை. இருந்த பாதிக்குக் கீழே வாத்துக்காரக் குடும்பம் ஒன்று தங்கியிருந்தது. வேதாரண்யம் பக்கத்திலிருந்து வாத்துகளை அறுத்த வயல்களில் மேய்த்துக்கொண்டே வந்தவர்கள். குளம் முழுக்க வாத்துச் சத்தம். அந்த வீட்டுப் பெண் நாங்கள் யார், எந்தத் தெரு என்று ஒன்றும் கேட்கவில்லை. "உக்காருங்கக்கா" என்று சாக்கை விரித்துப் போட்டு, அவித்த வாத்து முட்டையை உரித்து மிளகுத்தூள் தூவிக் கொடுத்தாள்.

"இங்க தங்க யாரும் ஒண்ணும் சொல்றதில்லையா?" என்று கேட்டேன்.

"யாரு வேணா தங்கிக்கலாம்னுதானே கட்டிப் போட்டுருக்கு" என்றாள்.

"கட்டினப்ப நம்மள தங்க விட்டிருப்பாங்களா?" என்றாள் அக்கா.

அந்தப் பெண் சிரித்தாள். "அவங்கதான் இப்ப இல்லையேக்கா."

மூன்று மணி வாக்கில் ஒரு குறுகிய மதகுப் பாலத்தில் அறுவடை மிஷின் ஏற்றிய லாரி சிக்கிக்கொண்டு நின்றது. முன்னாலும் பின்னாலும் ஒன்றும் நகரவில்லை. காலையில் எங்களை ஏறச் சொன்ன மினி பஸ் அங்கே நின்றது. பால்கார பைக்கும் நின்றது. லாரிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற இடம் இருந்தது. நாங்கள் நுழைந்தோம். அக்கா பால்காரரைத் தாண்டும்போது நின்று, "வர்றீங்களா, நடந்து போயிடலாம்" என்றாள். அவள் அப்படிக் கிண்டல் பேசி நான் பல வருடம் கேட்டதில்லை.

கண்டக்டர் படியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். "வேண்டுதல் முடிஞ்சுதா?"

"வேண்டுதல் எல்லாம் இல்ல. சும்மாத்தான் நடக்கிறோம்" என்றாள் அக்கா.

"சும்மாவா?" என்றவர், நெரிசலை ஒருமுறை பார்த்துவிட்டு, "நல்லதுதான் போங்க" என்றார்.

மிஷன் பங்களா வெள்ளைக்காரப் போதகர் ஒருவர் கட்டியது. சுவர் இரண்டு முழ அகலம். பத்து அறைகளில் இரண்டுதான் ஒழுகாதவை. அந்த இரண்டில் எங்கள் போதகரும் அவர் மனைவி கிரேஸ் அம்மாவும் இருக்கிறார்கள். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். அம்மாவை அடக்கம் செய்தவர் இவர்தான். புத்தகம் நனையாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் பெட்டிக்குப் பின்னால் நடந்தவர்.

சாயங்காலமே சோறு போட்டார்கள். கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. நான் மூன்று தடவை வாங்கிக்கொண்டேன். அக்கா நாளைய வழியைச் சொன்னதும் ஐயர் கையை இலையில் வைத்தபடியே இருந்துவிட்டார்.

"வேண்டாம் எஸ்தர். அடக்கத்துக்கு வழி கேட்டு நான் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுத்திருக்கேன். அது நடந்துக்கிட்டிருக்கு. நடுவுல நீங்க போய் ஏதாவது ஆயிட்டா, வேணும்னே வம்பு பண்றாங்கன்னு சொல்லிடுவாங்க."

"நாங்க நடக்கத்தானே போறோம் ஐயரே" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பேசவில்லை. "நீங்க அடுத்த மாசம் பிளேன் ஏறிடுவீங்க. இங்க இருக்கிறவங்களுக்கு நாளைக்கு வேலை கொடுக்க மாட்டேன்னு அந்தத் தெரு சொன்னா? மிஷின் வந்ததுலேருந்து ஏற்கெனவே வேலை கம்மி. அடுத்த அடக்கத்தையும் நான்தான் பண்ணணும். கரை இன்னும் உடைஞ்சுதான் கிடக்கு."

அவர் சொன்னது உண்மை. இங்கிலாந்தில் கேட்ட ஒரு வாக்கியத்தை நம்பி அக்காவை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். என் வேலையை யாரும் எடுத்துவிட முடியாது. "அக்கா, பெரிய வீட்டை விட்டுருவோம். இப்படியே திரும்பிடலாம்" என்றேன்.

அக்கா இலையை மடித்தாள். "அவ போயிடுவா ஐயரே. நெசந்தான். நான் இருப்பேன்ல? இருக்கிறவதான் போகணும்னு சொல்றேன்." பிறகு என்னிடம், "நீ வேணும்னா பஸ்ல போ" என்றாள்.

காலையில் கிரேஸ் அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்தார். ஐயர் ஜெபம் பண்ணி அனுப்பினார். வாசல் வரை வந்த கிரேஸ் அம்மா குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுக்காரரு பயந்தவரு. உங்கம்மாவப் புதைச்ச அன்னைக்கு ராத்திரி அழுதாரு. நீங்க போங்க" என்றார்.

இரண்டாம் நாள் யாரும் எங்களை ஏறச் சொல்லவில்லை. நாங்கள் நடந்த விதத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அக்கா முன்னால் போனாள். நான் கொப்புளத்தோடு பின்னால். வெயில் ஏறியதும் ஒரு பம்ப்செட் கொட்டகையில் புளிச்சோற்றைப் பிரித்தோம். கடலைப்பருப்பும் வேர்க்கடலையும் தாராளமாகப் போட்டிருந்தார். அக்கா ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். "பசியாத்தான் இருந்துச்சு" என்றாள்.

கல்லறைத் தோட்டத்துக்குள் போனோம். அம்மாவுக்கு இன்னும் சிலுவை வைக்கவில்லை. மண் அமரட்டும் என்று விட்டிருக்கிறார்கள். மேட்டில் அறுகம்புல் முளைத்திருந்தது. அக்கா முட்டி போட்டுப் புல்லைப் பிடுங்கினாள். நானும் பிடுங்கினேன். அங்கிருந்து நிமிர்ந்தால் நேரே பெரிய தெரு தெரிகிறது. இரண்டு தென்னை உயரத் தூரம்கூட இல்லை. அவ்வளவு நேரான, அவ்வளவு காய்ந்த, தார் போட்ட சாலை. பிடுங்கிய புல்லை அந்தப் பக்கம் பார்த்து வீசினேன்.

பெரிய தெருவுக்குள் நடந்தோம்.

நான்கு மணி இருக்கும். வாசல்களில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஒரு வீட்டில் டிவி சீரியல். ஒரு பெண் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். கோயிலுக்கு எதிர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் சபாபதி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கோயில் கமிட்டியில் இருப்பவர். அன்று அக்கா கேட்டபோது வழக்கம் இல்லை என்று சொன்ன வாய் அவருடையதுதான்.

"என்ன எஸ்தரு, யாரு கூப்பிட்டா? என்ன வேலை?"

"வேலை ஒண்ணும் இல்லைங்க. சும்மா நடக்கிறோம்."

அவர் பேப்பரை மடித்தார். "சும்மாவா? எங்க போகணும்?"

"வீட்டுக்கு."

"அதுக்குத்தான் பின்னாடி வழி இருக்கே."

"அது சுத்துங்க" என்றாள் அக்கா.

நான் இரண்டு நாளாக எத்தனையோ மைல் சுற்றி வந்திருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் என்னை முறைத்தார். அவர் முறைத்தது என் சிரிப்புக்கு மட்டும் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. அக்கா அவரிடம் பேசியதில் ஒரு இடத்திலும் 'ஐயா' வரவில்லை. மரியாதையாகத்தான் பேசினாள். அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டாள்.

பெரிய வீடு தெருவின் நடுவில். இப்போது அதை வாடகைக்கு எடுத்து, வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் விடுதியாக்கியிருக்கிறார்கள். மதுரைப் பக்கத்து இளைஞர் ஒருவர் மேனேஜர். ஊர்க் கதை ஒன்றும் அவருக்குத் தெரியாது. என் பையையும் பூட்ஸையும் பார்த்து, "வாங்க மேடம், வாங்கம்மா, வீட்டைச் சுத்திப் பாக்கலாம்" என்று இரண்டு பேரையும் சேர்த்தே அழைத்தார்.

தேக்குத் தூண், கண்ணாடி விளக்கு, சட்டம் போட்ட பழைய போட்டோக்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அக்கா கேட்டுக்கொண்டே வந்தாள். பிறகு, "மாட்டுக்கொட்டகை எங்க இருந்துச்சு தம்பி?" என்றாள்.

"அதுதாம்மா இப்ப டைனிங் ஹால்." பெருமையாகக் கதவைத் திறந்தார். வெள்ளைத் துணி விரித்த மேசைகள். ஃபேன்கள். சுவரில் பித்தளைத் தட்டுகள். எங்கள் அப்பா இந்த வீட்டுப் பண்ணையாள். மாடுகளோடு இங்கேதான் படுத்திருந்தார். முன்கட்டைப் பார்க்காமலே செத்துப்போனார்.

அக்கா நடு மேசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எங்கப்பா இங்கதான் தம்பி படுப்பாரு. ஒரு காப்பி கிடைக்குமா?"

அந்த இளைஞர் முகம் மாறியது. தானே போய் டபராவில் இரண்டு காப்பி கொண்டுவந்து வைத்தார். அக்கா ஆற்றி ஆற்றி மெதுவாகக் குடித்தாள். வாசலில் சபாபதி குரல் கேட்டது. உள்ளே வராமல் நின்றுகொண்டு, "தம்பி, உள்ள இருக்கிறவங்க யாருன்னு தெரியுமா?" என்றார்.

"கெஸ்ட்டுங்க சார்" என்றார் மேனேஜர்.

வேறு எதுவும் நடக்கவில்லை. மிச்சத் தெருவையும் நடந்து, வாய்க்காலைத் தாண்டி வீடு வந்து சேர்ந்தோம். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அதற்குள் தெரிந்திருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து மீன் குழம்பு மட்டும் வந்தது.

மறுநாள் காலை ஏட்டு ஒருவர் பைக்கில் வந்தார். வெளிநாட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து பெரிய தெருவில் பிரச்சினை பண்ணும் நோக்கத்தோடு நடந்ததாகப் புகார். அந்த வெளிநாட்டு ஆள் நான்தான். அக்கா நாற்காலி போட்டு டீ கொடுத்தாள்.

"எதுக்கும்மா அந்த வழியா போனீங்க?"

"நடந்தோம் சார்."

"அதான், எதுக்குன்னு எழுதணும்ல."

"சும்மா."

"சும்மான்னு எழுதினா இன்ஸ்பெக்டர் என்னைத் திட்டுவாரும்மா."

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "சுகருக்காக நடந்தோம்னு எழுதிக்குங்களேன். டாக்டர் சொல்லியிருக்காருன்னு" என்றேன்.

"அதெல்லாம் வேணாம் சார்" என்றாள் அக்கா. "எனக்குச் சுகரும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மான்னே எழுதுங்க."

ஏட்டு பேனாவைத் திறந்தார். எழுதினார். டீயைக் குடித்து முடித்தார். கிளம்பும்போது, "நடக்கிறதுக்கு என்ன செக்‌ஷன் போடுறது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பைக்கை உதைத்தார்.

வெயில் தாழ்ந்ததும் அக்கா தலை சீவி, வேறு சேலை கட்டிக்கொண்டு செருப்பை மாட்டினாள். "வர்றியா?" என்றாள். கால் கொப்புளத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு போனேன். இந்தத் தடவை வட்டம் எதுவும் இல்லை. மேற்கு முனையில் நுழைந்து கிழக்கே நடந்தோம்.

கோயில் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு சிமெண்டு மேடை இருக்கிறது. அக்கா அதில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நானும் உட்கார்ந்தேன். எதிரே சபாபதி நாற்காலியில் இருந்தார். பேப்பர் மடியில் கிடந்தது. அவர் எங்களைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு நடுவே போனார்கள்.

கடைசியில் அவர்தான் வாயைத் திறந்தார்.

"இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி?"

"நான் போற வரைக்கும்" என்றாள் அக்கா.

"எங்க போற வரைக்கும்?"

அக்கா தெருவின் கிழக்கு முனையை, அதற்கப்பால் இருந்த கல்லறைத் தோட்டத்தை, முகவாயால் காட்டினாள்.

"அங்க. இந்த வழியாத்தான்."